வாக்களிக்கும் கடமை

வாக்களிக்கும் கடமை என்பது, மக்களாட்சி நாடொன்றில் வாக்குரிமை பெற்ற குடிமக்கள் தேர்தல்களில் தம் வாக்கைச் செலுத்துவதைத் தம் பொறுப்பாகக் கொள்ள வேண்டும் என்னும் குடிமைக் கருத்தாகும். சில நாடுகளில் இக்கடமை சட்டத்தால் விதிக்கப்பட்டுள்ளது. இந்தியா, இலங்கை உள்ளிட்ட பெரும்பாலான நாடுகளில் இது அறத்தின்பாற்பட்ட கடமையாகவே உள்ளது. வாக்களிக்காதவருக்குத் தண்டனை ஏதும் இல்லை.

இக்கடமை பொதுவாக வாக்காளரின் கடமையாக மட்டுமே பேசப்படுகிறது. ஆயினும் ஒருவருடைய வாக்குப் பயன்பட வேண்டுமாயின் தேர்தல் உரிய காலத்தில் நடைபெற வேண்டும். விரும்பியவர் அச்சமின்றிப் போட்டியிட இயல வேண்டும். வாக்கு விலைக்கு வாங்கப்படாதிருக்க வேண்டும். வென்றவர் தம் பணியைச் செய்ய விடப்பட வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் வாக்களித்தவரின் கடமை நிறைவேறியும் அதன் பயன் கிட்டுவதில்லை. தமிழ்நாட்டின் மதுரை மாவட்டத்தில் 1996 ஆம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தலையொட்டி வில்லாபுரம், மேலவளவு, பாப்பாபட்டி முதலிய இடங்களில் நிகழ்ந்தவை இதற்கு எடுத்துக்காட்டுகளாகும்.

சொற்பொருள்

வாக்கு என்னும் சொல் பேச்சு, உறுதிமொழி ஆகிய பொருள்களைத் தருவது. வாக்குக் கொடுத்தல், வாக்குத் தவறுதல் போன்ற வழக்குகளில் இப்பொருள் இன்றும் நிலைத்துள்ளது. தேர்தலில் ஒருவர் தம் தெரிவை வெளிப்படுத்துவதற்கும் இச்சொல்லே பிற்காலத்தில் எழுத்து வழக்கில் நிலைபெற்றது. பேச்சு வழக்கில் ஆங்கிலத்திலிருந்து வந்த ஓட்டு என்னும் சொல்லே பெருவழக்காகும். வாக்குப்பதிவு நடைபெறும் இடம் தமிழ்நாட்டில் வாக்குச்சாவடி என்றும், இலங்கையில் வாக்களிப்பு நிலையம் என்றும் குறிப்பிடப்படுகிறது.

வரலாற்றுப் பின்னணி

தமிழகத்தில் ஓலையிட்டு ஆட்களைத் தெரிவு செய்யும் முறை பழமையானது. அகநானூற்றின் 77 ஆம் பாடலில், குடத்திலிருந்து ஓலைகளை எடுக்கும் வழக்கம் ஓர் உவமையாக இடம்பெற்றுள்ளது. முதலாம் பராந்தக சோழன் காலத்தைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரிவாக விளக்குகின்றன. பாண்டிய நாட்டில், திருநெல்வேலிப் பகுதியிலுள்ள மானூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபையில் பங்கேற்போருக்கான தகுதிகளைக் கூறுகிறது.

இவற்றை இன்றைய வாக்களிப்போடு ஒன்றாகக் கருதுவது பொருந்தாது. குடவோலை என்பது தகுதியுடையோர் பெயர்களுள் ஒன்றைக் குலுக்கி எடுக்கும் முறையாகும். நிலவுடைமை, கல்வி முதலிய தகுதிகள் வேண்டப்பட்டன. பெண்களுக்கும் உழைக்கும் மக்களில் பெரும்பாலோருக்கும் அதில் இடமில்லை.

சென்னை மாகாணத்தில் 1920 இல் நடைபெற்ற சட்டமன்றத் தேர்தலில் சொத்து, வரி முதலிய தகுதிகளின் அடிப்படையில் மக்கள்தொகையில் ஒரு சிறு பகுதியினரே வாக்குரிமை பெற்றிருந்தனர். 1921 இல் இம்மாகாணத்தில் பெண்களுக்கும் அதே தகுதிகளின் பேரில் வாக்குரிமை வழங்கப்பட்டது. இலங்கையில் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931 இலேயே வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. இந்தியாவில் இவ்வுரிமை விடுதலைக்குப் பின்னரே வந்தது. 1951-52 இல் நடைபெற்ற முதல் பொதுத்தேர்தலில் 21 வயது நிரம்பிய அனைவரும் வாக்களிக்கும் தகுதி பெற்றனர். அரசியலமைப்பின் 61 ஆவது திருத்தம் 1989 மார்ச்சு 28 அன்று நடைமுறைக்கு வந்து, வாக்களிக்கும் வயதை 18 ஆகக் குறைத்தது.

உரிமையா, கடமையா?

இந்திய அரசியலமைப்பின் 326 ஆவது பிரிவு, மக்களவைக்கும் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் நடைபெறும் தேர்தல்கள் வயது வந்தோர் வாக்குரிமையின் அடிப்படையில் அமைய வேண்டும் என்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் இடம்பெற்றவர் வாக்களிக்கலாம் என்பதை 1951 ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62 ஆவது பிரிவு கூறுகிறது. சிறையிலிருப்போர் வாக்களிக்க இயலாது என்பதும் இப்பிரிவிலேயே உள்ளது.

வாக்களிக்கும் உரிமையின் தன்மை குறித்த தொடக்ககாலத் தீர்ப்புகளுள் ஒன்று தமிழ்நாட்டிலிருந்து எழுந்ததாகும். நாமக்கல் தொகுதியில் வேட்புமனு நிராகரிக்கப்பட்ட என். பி. பொன்னுசாமி தொடுத்த வழக்கில், வாக்களிப்பதும் தேர்தலில் நிற்பதும் சட்டம் உண்டாக்கிய உரிமைகள் என்று உச்ச நீதிமன்றம் 1952 இல் கூறியது. பின்னர் 2003 இல் மக்கள் குடிசார் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், யாருக்கு வாக்களிப்பது என்று முடிவு செய்யும் சுதந்திரம் கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்தில் அடங்கும் என்ற கருத்து வலியுறுத்தப்பட்டது. வேட்பாளரின் சொத்து, கல்வி, குற்ற வழக்குகள் ஆகியவற்றை அறிந்துகொள்ளும் உரிமை வாக்காளருக்கு உண்டு என்பதும் இக்காலத்தில் நிலைநாட்டப்பட்டது.

அரசியலமைப்பின் 51அ பிரிவு குடிமக்களின் அடிப்படைக் கடமைகளைப் பட்டியலிடுகிறது. 1976 இல் சேர்க்கப்பட்ட பத்துக் கடமைகளிலும், 2002 இல் சேர்க்கப்பட்ட பதினோராவது கடமையிலும் வாக்களிப்பது இடம்பெறவில்லை. ஆகவே இந்தியச் சட்டத்தின்படி வாக்களிப்பது உரிமை; அதைக் கடமை என்பது மக்களாட்சியின் நடைமுறையிலிருந்து பெறப்படும் கருத்தாகும். பொதுக்குழாய், தெருவிளக்கு, சாலை ஆகியவற்றை வாக்களித்தவரும் வாக்களிக்காதவரும் ஒருங்கே பயன்படுத்துகின்றனர். அவற்றை நிருவகிப்போரைத் தெரிவு செய்யும் பொறுப்பை மட்டும் சிலர் பிறரிடம் விட்டுவிடுவது முறையன்று என்பதே இக்கருத்தின் அடிப்படையாகும்.

மதுரை வட்டாரமும் 1996 உள்ளாட்சித் தேர்தலும்

அரசியலமைப்பின் 73, 74 ஆவது திருத்தங்கள் 1993 இல் நடைமுறைக்கு வந்தன. ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், மாநிலத் தேர்தல் ஆணையம், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடஒதுக்கீடு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை அளவில் இடஒதுக்கீடு ஆகியன இவற்றால் கட்டாயமாயின. இதற்கேற்பத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 இல் இயற்றப்பட்டது. 1986 க்குப் பின் பத்தாண்டு இடைவெளி விட்டு 1996 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது. இத்தேர்தலின் வழியாகப் பெண்களும் பட்டியல் சாதியினரும் பெருந்தொகையில் பதவிக்கு வரும் நிலை முதன்முறையாக உண்டானது. சில ஊர்களில் இம்மாற்றத்துக்குக் கடும் எதிர்ப்பும் எழுந்தது.

வில்லாபுரம்

வில்லாபுரம், மதுரை மாநகரின் தென்பகுதியில் அவனியாபுரம் செல்லும் வழியில் அமைந்துள்ள, உழைக்கும் மக்கள் மிகுதியாக வாழும் பகுதியாகும். 1996 தேர்தலில் மதுரை மாநகராட்சியின் வில்லாபுரம் வட்டத்திலிருந்து மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த லீலாவதி மாமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் மாதர் சங்கத்திலும் பணியாற்றி வந்தவர்.

அக்காலத்தில் இப்பகுதியின் முதன்மைச் சிக்கல் குடிநீராகும். குடிநீர் வினியோகத்தில் உள்ளூர்க் கும்பல் ஒன்றின் ஆதிக்கம் இருந்தது. மக்கள் தண்ணீரை விலை கொடுத்துப் பெற வேண்டியிருந்தது. மாநகராட்சிக் குழாய் நீரை அப்பகுதிக்குக் கொண்டுவர லீலாவதி முயன்றார். பதவியேற்று ஓராண்டு நிறைவடையும் முன்னரே, 1997 ஏப்ரல் 23 அன்று வில்லாபுரத்தில் பட்டப்பகலில் அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். இவ்வழக்கில் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

இந்நிகழ்வு உள்ளாட்சி வாக்கின் தன்மையைத் தெளிவாகக் காட்டுகிறது. மக்களவைத் தேர்தலில் ஒரு தொகுதியின் வாக்காளர் தொகை பல இலட்சமாகும். தாம் செலுத்திய வாக்கின் விளைவைத் தனியொருவர் கண்ணால் காண்பது அரிது. மாநகராட்சி வட்டத்தில் அவ்விளைவு தெருக்குழாயில் தெரியும். அதனாலேயே அவ்வாக்கால் இழப்புக்குள்ளாவோரும் அருகிலேயே இருப்பர். வில்லாபுரத்து வாக்காளர்கள் தம் கடமையைச் செய்தனர். உறுப்பினரும் தம் கடமையைச் செய்தார். அவர் உயிரைக் காக்க வேண்டிய ஏற்பாடே தவறியது.

மேலவளவு

மேலூர் வட்டத்திலுள்ள மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி 1996 இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. இதை எதிர்த்தவர்களின் மிரட்டலால் முதலில் மனுச் செய்தவர்கள் விலகிக்கொண்டனர். பின்னர் அறிவிக்கப்பட்ட வாக்குப்பதிவும் வன்முறையால் தடைப்பட்டது. 1996 டிசம்பர் இறுதியில் காவல்துறைப் பாதுகாப்புடன் தேர்தல் நடைபெற்று முருகேசன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1997 சூன் 30 அன்று மதுரைக்குச் சென்றுவிட்டுப் பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த முருகேசனும், ஊராட்சித் துணைத்தலைவர் மூக்கன் உள்ளிட்ட வேறு ஐவரும் வழிமறித்துக் கொல்லப்பட்டனர். இவ்வழக்கில் 2001 இல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தண்டனை பெற்றவர்களுள் 13 பேர் 2019 நவம்பரில் முன்விடுதலை செய்யப்பட்டது மீண்டும் விவாதத்துக்குள்ளானது. கொல்லப்பட்டோரின் நினைவிடம் மேலவளவில் உள்ளது. ஒவ்வோர் ஆண்டும் சூன் 30 அன்று அங்கு அஞ்சலி செலுத்தப்படுகிறது.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம்

உசிலம்பட்டிப் பகுதியைச் சேர்ந்த பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய மூன்று ஊராட்சிகளும், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஊராட்சியும் 1996 இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. ஊரில் பெரும்பான்மையாக இருந்த பிற சாதியினர் இவ்வொதுக்கீட்டை ஏற்கவில்லை. பத்தாண்டுக் காலம் தேர்தல் அறிவிப்புகள் திரும்பத் திரும்ப வெளியிடப்பட்டும் இவ்வூராட்சிகளில் நிலையான தலைவர் அமையவில்லை. வேட்புமனு அளிக்க எவரும் வாராமல் தேர்தல் நின்றதும் உண்டு. ஊரார் தாமே ஒருவரை நிறுத்தி வெற்றிபெறச் செய்து, பதவியேற்ற உடனேயே அவரிடமிருந்து விலகல் கடிதம் பெற்றதும் உண்டு.

இரண்டாவது வகை நிகழ்வு சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. அங்கே தேர்தல் நடந்தது, வாக்குகள் பதிவாயின, முடிவு அறிவிக்கப்பட்டது. சட்டத்தின் சடங்குகள் யாவும் நிறைவேறியும், தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஆட்சி செய்யவில்லை. வாக்களித்தலின் வடிவம் மட்டும் இருந்து அதன் பொருள் இல்லாது போவதற்கு இது தக்க சான்றாகும்.

2006 அக்டோபரில் நடைபெற்ற உள்ளாட்சித் தேர்தலில் இந்நிலை மாறியது. அப்போதைய மதுரை மாவட்ட ஆட்சியர் த. உதயச்சந்திரனும் அலுவலர்களும் ஊர் மக்களுடன் பலமுறை பேச்சு நடத்தினர். பல அரசியல் கட்சிகளும் சமூக அமைப்புகளும் இதற்காகக் குரல் கொடுத்தன. நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடைபெற்றுப் பட்டியல் சாதியைச் சேர்ந்த தலைவர்கள் பொறுப்பேற்றனர். இதையொட்டி அப்போதைய முதலமைச்சர் மு. கருணாநிதி தலைமையில் சென்னையில் சமத்துவப் பெருவிழா நடத்தப்பட்டது. 2021 அக்டோபர் 2 அன்று பாப்பாபட்டியில் நடைபெற்ற கிராமசபைக் கூட்டத்தில் அப்போதைய முதலமைச்சர் மு. க. இசுடாலின் கலந்துகொண்டார்.

பத்தாண்டுகளாகத் தேர்தலைத் தடுத்து நின்ற ஊர்களிலேயே, அதே மக்கள் வாக்குச்சாவடிக்கு வந்து வாக்களித்தனர் என்பது இந்நிகழ்வின் சிறப்பாகும். காவல்துறையின் பாதுகாப்பு மட்டும் மேலவளவில் போதுமானதாக இருக்கவில்லை. உசிலம்பட்டிப் பகுதியில் ஊர் மக்களுடன் நிகழ்ந்த தொடர்ந்த உரையாடலும் அதற்குத் துணை நின்றது.

தேர்தல் நடவாத காலங்கள்

வாக்களிக்கும் கடமையைக் குடிமக்கள் நிறைவேற்றத் தேர்தலை நடத்தும் கடமையை அரசு நிறைவேற்ற வேண்டும். தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிவடைந்தது. அவ்வாண்டு வெளியிடப்பட்ட தேர்தல் அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் இரத்து செய்தது. வட்ட எல்லைகளின் மறுவரையறை, இடஒதுக்கீடு தொடர்பான வழக்குகளால் தேர்தல் தொடர்ந்து தள்ளிப்போனது. ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் 27 மாவட்டங்களில் தேர்தல் நடைபெற்றது. மதுரை உள்ளிட்ட மாநகராட்சிகளிலும் பிற நகர்ப்புற அமைப்புகளிலும் 2022 பிப்ரவரி 19 அன்றே வாக்குப்பதிவு நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தனி அலுவலர்களே அவற்றை நிருவகித்தனர். அக்காலத்தில் வாக்காளர் எவ்வளவு ஆர்வம் கொண்டிருந்தாலும் தம் வட்டத்துக்கு உறுப்பினர் ஒருவரைத் தெரிவு செய்ய வழியில்லை.

வாக்குக்குப் பணம்

வாக்காளருக்குப் பணமோ பொருளோ கொடுப்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123 ஆவது பிரிவின்படி முறைகேடான செயலாகும். குற்றவியல் சட்டத்தின்படி கொடுப்பவரோடு பெறுபவரும் குற்றவாளியே. முன்னர் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 171ஆ பிரிவில் இருந்த இக்குற்றம், 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்கிதாவின் 170 ஆவது பிரிவில் இடம்பெற்றுள்ளது.

மதுரை மாவட்டத்தின் திருமங்கலம் சட்டமன்றத் தொகுதியில் 2009 சனவரி 9 அன்று நடைபெற்ற இடைத்தேர்தல் இவ்வகையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. இத்தேர்தலில் 85 விழுக்காட்டுக்கும் மேல் வாக்குகள் பதிவாயின. அதே வேளையில் வாக்காளர்களுக்குப் பெருமளவில் பணம் வழங்கப்பட்டதாகப் பரவலாகக் குற்றம் சாட்டப்பட்டது. காலைச் செய்தித்தாளுடன் பண உறைகள் வீடுகளுக்கு அனுப்பப்பட்டன என்னும் செய்தி, 2011 இல் வெளியான அமெரிக்கத் தூதரக ஆவணத்திலும் இடம்பெற்றிருந்தது. அதன்பின் 'திருமங்கலம் பார்முலா' என்பது அரசியல் பேச்சில் வாக்குக்குப் பணம் கொடுப்பதைக் குறிக்கும் தொடராயிற்று.

வாக்குப்பதிவு விழுக்காடு உயர்வதே மக்களாட்சி வலுப்பெறுவதன் அடையாளம் எனக் கொள்ள இயலாது என்பதை இது காட்டுகிறது. பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையம் தமிழ்நாட்டில் சில தேர்தல்களை நிறுத்தியும் உள்ளது.

- அரவக்குறிச்சி, தஞ்சாவூர் சட்டமன்றத் தொகுதிகள்: 2016 மே மாதத் தேர்தல் நிறுத்தப்பட்டு, நவம்பர் 19 அன்று நடத்தப்பட்டது.
- இராதாகிருட்டிணன் நகர் தொகுதி இடைத்தேர்தல்: 2017 ஏப்ரலில் நிறுத்தப்பட்டு, டிசம்பர் 21 அன்று நடத்தப்பட்டது.
- வேலூர் மக்களவைத் தொகுதி: 2019 ஏப்ரலில் நிறுத்தப்பட்டு, ஆகத்து 5 அன்று நடத்தப்பட்டது.

பணம் பெற்றுக்கொண்டவர் கொடுத்தவருக்கே வாக்களிக்க வேண்டும், இல்லையேல் வாக்குத் தவறியவர் ஆவார் என்னும் எண்ணம் மக்களிடையே உண்டு. பணம் கொடுப்போர் சிலர் சத்தியம் பெறுவதும் இந்த எண்ணத்தை நம்பியேயாகும். சட்டத்தின் பார்வையில் அத்தகைய உறுதிமொழிக்கு மதிப்பில்லை. வாக்கு மறைவாகச் செலுத்தப்படுவதால் அதை எவரும் அறியவும் இயலாது. மறைவான வாக்களிப்பு முறை, வறியவரையும் பிறரைச் சார்ந்து வாழ்பவரையும் இத்தகைய கட்டுகளிலிருந்து காக்கும் ஏற்பாடாகும்.

வாக்களிக்காமை

வாக்களிக்காமைக்குக் காரணங்கள் பலவாகும். வேலை தேடி வெளியூர் சென்றோர் பலரின் பெயர் சொந்த ஊர்ப் பட்டியலிலேயே இருக்கும். வாக்களிக்கப் பயணச் செலவும் ஒருநாள் கூலியும் இழக்க வேண்டியிருக்கும். வாடகை வீடு மாறியோர் பட்டியலில் மாற்றம் செய்யாமல் விடுவதும் உண்டு. யார் வந்தாலும் ஒன்றே என்னும் மனச்சோர்வும் ஒரு காரணமாகும்.

தமிழ்நாட்டில் பெருநகரங்களில் வாக்குப்பதிவு ஊரகப் பகுதிகளைவிடக் குறைவாக இருப்பது வழக்கம். 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் மாநில அளவில் சுமார் 61 விழுக்காடு வாக்குகள் பதிவாயின; சென்னை மாநகராட்சியில் அது சுமார் 44 விழுக்காடாக இருந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் வாக்குப்பதிவு 69.72 விழுக்காடு, மதுரைத் தொகுதியில் சுமார் 62 விழுக்காடு.

2019 மக்களவைத் தேர்தலின்போது மதுரையில் தனித்தன்மையான சிக்கலொன்று எழுந்தது. வாக்குப்பதிவு நாளான ஏப்ரல் 18 அன்றே சித்திரைத் திருவிழாவின் தேரோட்டம் அமைந்தது. மறுநாள் கள்ளழகர் வைகையில் எழுந்தருளும் நாள். தேர்தலைத் தள்ளிவைக்கக் கோரி வழக்குத் தொடரப்பட்டது. தேர்தல் தள்ளிவைக்கப்படவில்லை, மதுரைத் தொகுதிக்கு மட்டும் வாக்குப்பதிவு நேரம் இரண்டு மணி நேரம் நீட்டிக்கப்பட்டு இரவு 8 மணி வரை நடைபெற்றது.

புறக்கணிப்பு

வாக்களிக்காதிருப்பதை ஓர் எதிர்ப்பு முறையாகக் கையாள்வதும் உண்டு. சாலை, குடிநீர் முதலியவற்றை வேண்டித் தேர்தலைப் புறக்கணிப்பதாகத் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பல அறிவிப்பது வழக்கம். அலுவலர்கள் வந்து பேச்சு நடத்தியபின் அவற்றுட் சில திரும்பப் பெறப்படுகின்றன.

இலங்கையில் 1931 ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலை, முழுத் தன்னாட்சி கோரி யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசு புறக்கணித்தது. வடபகுதியின் நான்கு தொகுதிகளில் எவரும் மனுச் செய்யவில்லை. அவ்விடங்கள் 1934 இல் நடைபெற்ற இடைத்தேர்தலிலேயே நிரப்பப்பட்டன. 2005 நவம்பர் 17 அன்று நடைபெற்ற குடியரசுத் தலைவர் தேர்தலில் விடுதலைப் புலிகளின் நிலைப்பாட்டால் வடபகுதித் தமிழர்கள் பெரும்பாலும் வாக்களிக்கவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் சுமார் 1.2 விழுக்காடு வாக்குகளே பதிவாயின. மகிந்த ராசபக்ச சுமார் 1,81,000 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். அந்த வேறுபாடு, யாழ்ப்பாண மாவட்டத்தில் செலுத்தப்படாத வாக்குகளின் தொகையைவிடக் குறைவானதாகும். வாக்களிக்காதிருப்பதும் தேர்தல் முடிவில் பங்கு வகிக்கிறது என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

எவருக்கும் வாக்கில்லை

வேட்பாளர் எவரையும் ஏற்க விரும்பாதவருக்கு 1961 ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின் 49-ஓ விதி ஒரு வழியைத் தந்தது. ஆயினும் வாக்குச்சாவடி அலுவலரிடம் தெரிவித்துக் கையொப்பமிட வேண்டியிருந்ததால் மறைவு காக்கப்படவில்லை. 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, வாக்குப்பதிவு எந்திரத்திலேயே இதற்கெனத் தனிப் பொத்தான் வைக்கப்பட்டது. இது நோட்டா எனப்படுகிறது. தமிழ்நாட்டில் இது 2013 டிசம்பர் 4 அன்று நடைபெற்ற ஏற்காடு இடைத்தேர்தலில் முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டது. மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் நோட்டா மிகுதியான வாக்குகளைப் பெற்றாலும், வேட்பாளர்களுள் மிகுதியான வாக்குப் பெற்றவரே வெற்றி பெற்றவராவார்.

கட்டாய வாக்களிப்பு

பெல்சியம் 1893 இலும், ஆசுத்திரேலியா கூட்டாட்சித் தேர்தல்களுக்கு 1924 இலும் வாக்களிப்பைக் கட்டாயமாக்கின. ஆசுத்திரேலியாவில் தக்க காரணமின்றி வாக்களிக்காதவருக்குச் சிறு தண்டம் விதிக்கப்படுகிறது. அங்கு வாக்குப்பதிவு 90 விழுக்காட்டை ஒட்டியே இருந்துவருகிறது. தமிழர்கள் கணிசமாக வாழும் சிங்கப்பூரிலும் வாக்களிப்பது கட்டாயமாகும். அங்கு வாக்களிக்காதவரின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். உரிய விளக்கமோ கட்டணமோ அளித்து அதை மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் குசராத்து மாநிலம் உள்ளாட்சித் தேர்தல்களில் வாக்களிப்பதைக் கட்டாயமாக்க 2009 இல் சட்டமுன்வரைவு நிறைவேற்றியது. 2014 இல் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. 2015 இல் அம்மாநில உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. கட்டாயத்தை ஆதரிப்போர், அனைவரும் வாக்களித்தால் பணத்தின் செல்வாக்குக் குறையும் என்பர். எதிர்ப்போர், வாக்களிக்கும் உரிமையில் வாக்களிக்காதிருக்கும் உரிமையும் அடங்கும் என்றும், தண்டம் கூலித் தொழிலாளரையே மிகுதியாகப் பாதிக்கும் என்றும் கூறுவர்.

ஒரு வாக்கின் மதிப்பு

தம் ஒரு வாக்கால் என்ன மாறும் என்னும் வினா பரவலானது. 2008 இல் இராசத்தானின் நாத்துவாரா தொகுதியில் சி. பி. சோசி ஒரே ஒரு வாக்கில் தோல்வியுற்றார். 2016 தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலில் இராதாபுரம் தொகுதியின் வெற்றி வேறுபாடு 49 வாக்குகளாகும். 2021 இல் தியாகராய நகர்த் தொகுதியில் அது 137 ஆக இருந்தது. இருவர் சமமான வாக்குகள் பெற்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65 ஆவது பிரிவின்படி குலுக்கல் முறையில் வெற்றியாளர் முடிவு செய்யப்படுவார்.

இத்தகைய நெருக்கமான முடிவுகள் மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் அரியவை. உள்ளாட்சித் தேர்தல்களில் வாக்காளர் தொகை குறைவாதலால் இவை மிகுதியாக நிகழ வாய்ப்புண்டு. ஊரகப் பகுதியில் வாக்காளர் ஒருவர் ஒரே நேரத்தில் நான்கு வாக்குகளைச் செலுத்துகிறார்: ஊராட்சி வட்ட உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஊராட்சி ஒன்றிய உறுப்பினர், மாவட்ட ஊராட்சி உறுப்பினர். இவற்றுள் முதலிரண்டும் கட்சி சார்பற்றவை.

வாக்காளர் செய்ய வேண்டியவை

வாக்களிக்கும் கடமை தேர்தல் நாளுக்கு முன்னரே தொடங்குகிறது.

- பெயர் சேர்த்தல்: 18 வயது நிரம்பியவர் படிவம் 6 அளித்துப் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். முன்னர் சனவரி 1 மட்டுமே தகுதி நாளாக இருந்தது. 2022 முதல் சனவரி 1, ஏப்ரல் 1, சூலை 1, அக்டோபர் 1 ஆகிய நான்கு நாள்கள் தகுதி நாள்களாக உள்ளன.
- முகவரி மாற்றமும் திருத்தமும்: இவற்றுக்குப் படிவம் 8 பயன்படுகிறது. வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் இதனை அளிக்கலாம்.
- பட்டியலைச் சரிபார்த்தல்: வாக்காளர் அடையாள அட்டை இருப்பினும் பட்டியலில் பெயர் இல்லாதவர் வாக்களிக்க இயலாது. 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தையடுத்து, டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் முன்பிருந்தவற்றுள் 97 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இடம்பெறவில்லை. பட்டியலை உரிய காலத்தில் பார்ப்பதன் தேவையை இது உணர்த்தியது.
- வேட்பாளரை அறிதல்: வேட்பாளர் அளிக்கும் உறுதிமொழிப் பத்திரத்தில் சொத்து, கடன், கல்வி, குற்ற வழக்குகள் பற்றிய விவரங்கள் இருக்கும். இதனைத் தேர்தல் ஆணையம் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடுகிறது.
- விடுப்பு: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135ஆ பிரிவு, வாக்குப்பதிவு நாளன்று ஊழியருக்கு ஊதியத்துடன் விடுப்பு அளிக்க வேண்டும் என்கிறது.
- சரிபார்ப்புச் சீட்டு: எந்திரத்தில் வாக்களித்தபின், தெரிவு செய்த சின்னம் அச்சிட்ட தாள் 7 நொடிகள் கண்ணாடி வழியே தெரியும்.
- பெயரில் வேறொருவர் வாக்களித்திருந்தால்: உண்மையான வாக்காளர் தம் அடையாளத்தை நிறுவி, ஆய்வுக்குரிய வாக்கைத் தாள் வாக்குச்சீட்டில் செலுத்தலாம்.

தேர்தலுக்குப் பின்னரும் இக்கடமை தொடர்கிறது. ஊரகப் பகுதிகளில் கிராமசபை இதற்கான அவையாகும். தமிழ்நாட்டில் சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகியனவும் 2022 இல் கிராமசபை நாள்களாகச் சேர்க்கப்பட்டன. மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் பகுதி சபைகள் 2022 நவம்பர் 1 முதல் கூட்டப்பட்டன. வரவு செலவு, குடிநீர், சாலை முதலியன குறித்து வாக்காளர் தாம் தேர்ந்தெடுத்தவரிடம் நேரில் வினவ இவை வழிசெய்கின்றன. வில்லாபுரத்தின் லீலாவதியும் மேலவளவின் முருகேசனும் கொல்லப்பட்ட சூழலை எண்ணுகையில், தாம் தெரிவு செய்தவருக்கு வாக்களித்த பின்னரும் துணைநிற்பது வாக்காளர் கடமையின் ஒரு பகுதியாகவே கொள்ளத்தக்கது.

இவற்றையும் பார்க்கவும்

- குடவோலை முறை
- தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம்
- கிராமசபை
- மேலவளவு
- மதுரை மாநகராட்சி
- நோட்டா